பத்துக் கோடியில் ஒரு பங்கு: தேயிலை எச்சமும் புல் வெட்டும் கைகளும்

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் துறையில் எம்.சி.பி.ஏ. என்ற பெயர் அதிகமாக அடிபட்டது. அது ஒரு களைநாசினி. ஜப்பானுக்குப் போன தேயிலையில் அதன் எச்சம் அங்கு அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலாக இருப்பது சோதனைகளில் தெரியவந்தது. ஏற்றுமதியாளர்கள் தோட்டக் கம்பனிகளைக் குறை கூறினார்கள். கம்பனிகள் அரசாங்கத்தைக் கைகாட்டின. ஜப்பான் நம்மிடம் வாங்கும் அளவு பெரிதல்ல. ஆனால் நல்ல விலை கொடுக்கும் சந்தை அது. அங்கே ஒரு பொருள் திருப்பி அனுப்பப்பட்டால் மற்றச் சந்தைகளும் உற்றுப் பார்க்கத் தொடங்கும்.

அனுமதிக்கப்பட்ட அளவு எவ்வளவு? ஒரு கிலோகிராம் தேயிலைக்கு 0.01 மில்லிகிராம். அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. 100 தொன் தேயிலையில் ஒரே ஒரு கிராம் மருந்து கலந்திருந்தால் எவ்வளவோ, அவ்வளவு. பத்து தொன் ஏற்றும் லொறிகள் பத்து வரிசையாக நிற்க, அவற்றுக்குள் ஒரு சிட்டிகை மருந்தைத் தேடிக் கண்டுபிடிப்பது போன்றது இது. இந்தத் தேடலைச் செய்வது திணிவு நிறமாலைமானி, ஆய்வுகூடப் பேச்சில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்.

மலையகத்தில் சம்பளம், காணி, வீடு பற்றி நிறையப் பேசுகிறோம். இந்தக் கருவியைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் தலவாக்கலையிலோ நோர்வூட்டிலோ ஒரு மலையில் புல் எப்படி வெட்டப்படுகிறது, யார் வெட்டுகிறார்கள், எத்தனை பேருக்கு அங்கே வேலை என்பதை மறைமுகமாகத் தீர்மானிக்கும் சக்தி அதற்கு இருக்கிறது.

மூலக்கூறை நிறுக்கும் தராசு

ஒரு மூலக்கூறைத் தட்டில் வைத்து நிறுக்க முடியாது. அதனால் முதலில் அதற்கு மின்னேற்றம் கொடுத்து அயனாக்குகிறார்கள். மின்னேற்றம் பெற்ற துகளை மின்புலத்தால் தள்ளலாம், காந்தப்புலத்தால் வளைக்கலாம். ஒரே அளவு ஏற்றமும் வேகமும் இருந்தால், பாரம் குறைந்த துகள் கூடுதலாக வளையும், பாரம் கூடியது குறைவாக வளையும். அது எங்கே போய் விழுகிறது என்பதை வைத்து அதன் திணிவைக் கணக்கிடலாம். 1913இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தொம்சன் நியோன் வாயுவை இப்படிச் சோதித்தபோது ஒரு கோட்டுக்குப் பதிலாக இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒன்று 20, மற்றது 22. ஒரே தனிமத்துக்கு வெவ்வேறு பாரமுள்ள அணுக்கள், அதாவது சமதானிகள், இருக்கின்றன என்பது இவ்வாறு வெளிப்பட்டது. அவருடைய உதவியாளர் அஸ்டன் 1919இல் இந்தக் கருவியை மேம்படுத்தினார். 1922இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நீண்ட காலம் இது அணுக்களுக்கும் வாயுக்களுக்கும் பொருத்தமான கருவியாகவே இருந்தது. திரவத்தில் கரைந்திருக்கும் மூலக்கூறை உடைக்காமல் அயனாக்கும் மின்தெளிப்பு முறை வந்த பிறகுதான் உணவு, இரத்தம், சிறுநீர், தண்ணீர் எல்லாவற்றையும் இதனால் சுலபமாகச் சோதிக்க முடிந்தது. அந்த முறைக்காக அமெரிக்கரான ஜோன் ஃபென் 2002ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

தேயிலையைச் சோதிக்கும்போது தூளை அரைத்து, தண்ணீரும் கரைப்பானும் உப்பும் சேர்த்துக் குலுக்குவார்கள். மருந்து கரைப்பானுக்கு வந்து சேரும். ஆனால் தேயிலையின் கஃபீனும் பொலிபீனோல்களும் பச்சையமும் கூடவே வரும். இவை கருவியின் கண்ணை மறைக்கக் கூடியவை. அதனால் சாற்றைச் சுத்தம் செய்து, நீண்ட மெல்லிய குழாய் ஒன்றின் வழியாகச் செலுத்திப் பொருட்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துக் கருவிக்குள் அனுப்புகிறார்கள்.

உள்ளே நடப்பது சோதனைச் சாவடிகளைத் தாண்டுவது போன்றது. எம்.சி.பி.ஏ. அயனின் திணிவு 199. முதல் சாவடி 199 உள்ளவற்றை மட்டும் உள்ளே விடும். தற்செயலாக அதே திணிவுள்ள வேறு பொருளும் நுழையலாம். அதனால் நடுவில் ஒரு வாயுவோடு மோதவிட்டு உடைக்கிறார்கள். எம்.சி.பி.ஏ. உடைந்தால் 141 திணிவுள்ள துண்டு வரும். இரண்டாவது சாவடி 141ஐ மட்டும் விடும். அதற்கும் மேல் ஓர் உறுதிப்படுத்தல் உண்டு. இந்த மூலக்கூறில் ஒரு குளோரின் அணு இருக்கிறது. இயற்கையில் குளோரினுக்கு 35, 37 என இரண்டு பாரங்கள், ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில். ஆகவே 199ஓடு சேர்ந்து 201இலும் அதே விகிதத்தில் ஒரு சிறிய அடையாளம் தெரிய வேண்டும். குழாயிலிருந்து வெளிவரும் நேரம், முழுத் திணிவு, துண்டின் திணிவு, விகிதம் ஆகிய நான்கும் பொருந்தினால் அது வேறு மருந்து என்று வாதாடுவது மிகவும் கடினம்.

இந்த மருந்து தேயிலைக்கு வந்த வழி

எம்.சி.பி.ஏ. நெல் வயலில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கும் மருந்து. தேயிலைக்கு அது பரிந்துரைக்கப்படவில்லை. அப்படியிருக்க, மலைக்கு அது ஏன் வந்தது?

தோட்டங்களில் முன்பு பரக்குவாட் அடித்தார்கள். அதைக் குடித்து உயிர்விட்டவர்கள் ஏராளம். 2008க்கும் 2011க்கும் இடையில் பரக்குவாட் படிப்படியாகத் தடை செய்யப்பட்டது. அந்தத் தடை பல உயிர்களைக் காப்பாற்றியது என்பதில் பொதுவாகக் கருத்து வேறுபாடு இல்லை. அதன் பிறகு தேயிலைத் தோட்டங்கள் பெரும்பாலும் நம்பியிருந்தது கிளைபோசேட்டை. 2015 ஜூனில், ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் காலத்தில், அதன் இறக்குமதியும் நாடு முழுவதற்கும் தடை செய்யப்பட்டது. வடமத்திய மாகாண விவசாயிகளிடம் பரவிய சிறுநீரக நோய்க்கு கிளைபோசேட் காரணமாக இருக்கலாம் என்ற கருதுகோள் 2014இல் வெளியாகியிருந்தது. 2015 மார்ச்சில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளது என்று வகைப்படுத்தியது. சிறுநீரக நோய்க்கும் கிளைபோசேட்டுக்கும் உள்ள தொடர்பு பற்றி விஞ்ஞானிகளுக்கிடையில் இன்றும் உடன்பாடு இல்லை.

தடை சரியா பிழையா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். தடைக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எளிமையானது: மருந்தை நிறுத்தினால் புல்லை யார் வெட்டுவது? அதற்கு எத்தனை பேர், எத்தனை நாள், எந்தச் சம்பளத்தில்? இந்தக் கணக்கைப் போடாமல் மருந்தை மட்டும் நிறுத்தியபோது புல் இடுப்பளவு வளர்ந்தது. அந்த இடைவெளியில் எங்கோ நெல்லுக்கு விற்ற மருந்து தேயிலை மலைக்கு ஏறியது. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் 36 மாதங்களுக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2021 நவம்பரில் தடையை நீக்கும் வர்த்தமானி வெளியாகி, சில நாட்களிலேயே மீளப் பெறப்பட்டது. 2022 ஓகஸ்டில் தடை நீங்கியது.

0.01 என்பது நஞ்சின் எல்லையா?

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாக்க வேண்டும். 0.01 மில்லிகிராமுக்கு மேல் போனால் தேநீர் குடிப்பவர் நோயாளியாவார் என்று பொருளல்ல. ஒரு மருந்தை ஒரு பயிருக்கு முறைப்படி பரிந்துரைத்து, பரிசோதித்து, எச்ச வரம்பு கேட்டிருந்தால் அதற்குத் தனி எண் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் தேயிலையில் கிளைபோசேட்டுக்கு 2 மில்லிகிராம் வரை அனுமதித்திருந்தது. தனி எண் இல்லாத மருந்துகளுக்கு ஜப்பான் 2006 மே மாதத்திலிருந்து 0.01 என்ற பொது வரம்பை வைத்திருக்கிறது. ஐரோப்பாவின் பொது வரம்பும் அதுவே. இரண்டுக்கும் இடையில் 200 மடங்கு வித்தியாசம்.

ஆகவே 2018இல் நடந்ததைச் சுருக்கினால் இப்படி வரும்: பெரிய வரம்புள்ள ஒரு மருந்தை நிறுத்தினோம், வரம்பே கேட்கப்படாத மருந்து அந்த இடத்துக்கு வந்தது. பச்சைக் கொழுந்து காய்ந்து தூளாகும்போது பாரம் நான்கில் ஒரு பங்குக்கு வந்துவிடும். ஆவியாகாத எச்சம் அந்த அளவுக்குச் செறிவடையும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வறிக்கையை வாசிப்பதிலும் ஒரு கவனம் தேவை. நூற்றுக்கணக்கான பீடைநாசினிகளை ஒரே தடவையில் தேடும் சோதனை உண்டு. ஆனால் கிளைபோசேட் தண்ணீரோடு மிக இறுக்கமாக ஒட்டும் மூலக்கூறு. பொதுவான சாறெடுக்கும் முறையில் அது கரைப்பானுக்கு வராது. அதற்குத் தனிச் சோதனை செய்ய வேண்டும். எதுவும் கண்டறியப்படவில்லை என்று எழுதிய ஒரு பக்க அறிக்கை, எதைத் தேடினார்கள் என்ற பட்டியல் இல்லாமல் முழு உண்மையைச் சொல்லாது.

புல்லை விட்டாலும் கருவி பிடிக்கும்

மருந்தே அடிக்காமல் புல்லை வளரவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்கலாம். அதற்கும் வழி அடைபட்டுவிட்டது. சில களைகள் தம்மைப் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ள பைரோலிசிடின் அல்கலோயிட் என்ற வகை நஞ்சுகளை உற்பத்தி செய்கின்றன. மலையகத்துத் தேயிலைக்குள் சாதாரணமாக முளைக்கும், ஊதா நிறப் பூப்பூக்கும் அஜரேட்டம் செடி அவற்றில் ஒன்று. இந்த நஞ்சுகள் ஈரலைப் பாதிக்கும், மரபணுவைச் சேதப்படுத்தும். மூலிகைத் தேநீரிலும் சாதாரணத் தேயிலையிலும் இவை இருப்பதை 2013இல் ஜெர்மனியின் அரச இடர் மதிப்பீட்டு நிறுவனம் வெளிப்படுத்தியது. அவற்றைக் கண்டுபிடித்ததும் இதே வகைக் கருவிதான். 2022 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தேயிலைக்கு ஒரு கிலோகிராமுக்கு 150 மைக்ரோகிராம் என்ற உச்ச வரம்பு நடைமுறையில் இருக்கிறது.

களை எப்படித் தேயிலைக்குள் வருகிறது? கொழுந்தோடு சேர்ந்து களையின் இலையும் கூடைக்குள் விழலாம். வெட்டிப் போட்ட களை மண்ணில் அழுகும்போது, அந்த நஞ்சை அருகிலுள்ள செடி வேரால் உறிஞ்சக்கூடும் என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தொழிற்சாலையையும் கருவி விட்டுவைக்கவில்லை. தேயிலை உலர்த்தும் அடுப்பில் விறகுப் புகை கசிந்து தூளோடு கலந்தால் அந்திராகுயினோன் என்ற பொருள் ஏறும். யாரும் அடிக்காத மருந்து அது. அதற்கும் ஐரோப்பா 2014இல் கிலோகிராமுக்கு 0.02 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் தோட்ட நிர்வாகத்துக்கு மூன்று பக்கமும் கதவு மூடியிருக்கிறது. பொருந்தாத மருந்து அடித்தால் எச்சம் தெரியும். புல்லை விட்டால் களையின் நஞ்சு தெரியும். அடுப்பைக் கவனிக்காவிட்டால் புகை தெரியும். எஞ்சியிருப்பது நேரத்துக்குப் புல் வெட்டுவது, எந்தக் களை கெடுதியானது என்று பார்த்துப் பிடுங்குவது, சுத்தமாகக் கொழுந்து பறிப்பது. சுரண்டி போட்டு மலை முழுவதையும் மொட்டையாக்கவும் முடியாது. செங்குத்துச் சரிவில் முதல் மழைக்கே மண் போய்விடும். எதை விடுவது, எதைப் பிடுங்குவது என்று தெரிந்த கை வேண்டும். அந்தக் கை இப்போது தோட்டத்தில் இருக்கிறதா?

கை எங்கே போனது?

1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்கு வந்தன. அப்போது பதிவுசெய்யப்பட்டிருந்த தொழிலாளரில் பாதிப் பேர்கூட இன்று இல்லை. இளைஞர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனதை ஒரு குறையாகச் சொல்கிறவர்கள் சம்பளக் கணக்கையும் சொல்ல வேண்டும். எம்.சி.பி.ஏ. பிரச்சினை வெடித்த 2018இல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. 1,000 ரூபா கேட்டு அந்த வருடம் நடந்த போராட்டத்தின் முடிவில், 2019 ஜனவரியில் கிடைத்தது 700. கிளைபோசேட் தடையால் ஏற்பட்ட இழப்பைக் கம்பனிகள் பல இடங்களில் எடுத்துக் கூறின. ஆனால் அந்தத் தடைக்குள் புல்லடர்ந்த மலையில் அட்டைக்கடியோடு கொழுந்து பறித்த பெண்ணின் இழப்பு எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. புல் மண்டிய மலையில் கிலோ சேராது. கிலோ குறைந்தால் அரைப்பேர். நிறையை எட்ட அவசரப்பட்டு இரண்டு கையாலும் அள்ளும்போது புல்லும் கொழுந்தோடு கூடைக்குள் வரும். கிலோவுக்கு மட்டும் காசு கொடுக்கும் முறையே சுத்தமான கொழுந்துக்கு எதிராக வேலை செய்கிறது.

2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 1,550 ரூபாவாக்கி, வருகைக்காக அரசாங்கம் 200 ரூபா சேர்த்துக் கொடுக்கும் என்று அறிவிக்கப்பட்டது. இதை ஒரு சலுகையாக மட்டும் பார்க்கிறவர்கள் ஜப்பானின் 0.01ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த எண்ணுக்குள் நிற்க வேண்டுமானால் புல் வெட்ட ஆள் வேண்டும். ஆள் வேண்டுமானால் கட்டுப்படியாகும் கூலி வேண்டும்.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. மலைத் துண்டுகளைத் தொழிலாளர் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுத்து, கொழுந்தை மட்டும் கம்பனி வாங்கும் முறை பரவுகிறது. புல்வெட்டைக் கொந்தரப்புக்கு விடுவதும் பழைய வழக்கம். இந்த ஏற்பாடுகளில் மருந்து வாங்கும் பொறுப்பும் அடிக்கும் பொறுப்பும் மெதுவாகத் தொழிலாளியின் தலைக்கு மாறுகின்றன. நாளை ஒரு கொள்கலன் திரும்பி வந்தால், எட்டாம் நம்பர் மலையில் யாரோ அடித்த மருந்து என்று சொல்வது கம்பனிக்கு இலகுவாகிவிடும். எந்த மருந்து பரிந்துரைக்கப்பட்டது, எத்தனை நாள் கழித்துக் கொழுந்து எடுக்கலாம் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுத்தார்களா என்ற கேள்வி அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

கோப்பையை அளந்தவர்கள் உடலை அளந்தார்களா?

ஒசாக்காவில் தேநீர் குடிப்பவரைப் பாதுகாக்கும் அதே கருவியால் ஹட்டனில் மருந்தடிப்பவரின் சிறுநீரையும் சோதிக்க முடியும். லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலியையும் சோதிக்கலாம். தொழில்நுட்பம் ஒன்றுதான். வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய் தொடர்பாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு நடந்து 2013இல் வெளியான ஆய்வில், மக்களின் சிறுநீரில் கட்மியமும் ஆர்சனிக்கும் பீடைநாசினி எச்சமும் அளக்கப்பட்டன. இலங்கையில் இது முடியாத காரியம் அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் எந்த ஏற்றுமதி விதியும் தொழிலாளியின் உடலைச் சோதிக்கும்படி கேட்பதில்லை. தேயிலைத் தூளில் பத்துக் கோடியில் ஒரு பங்கு தெரிந்தால் கப்பல் திரும்பும். முதுகில் தாங்கியில் மருந்தைச் சுமந்து, கையுறையும் முகமூடியும் இல்லாமல் அடிப்பவரின் தோலில் படுவது இதைவிட எத்தனையோ மடங்கு. அதற்காக எதுவும் திரும்புவதில்லை. மருந்தடித்த மலைக்குள் அடுத்த சுற்றில் நுழையும் பெண்ணின் படங்கில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதையும் யாரும் கேட்பதில்லை. வாங்குபவருக்கு ஒரு வரம்பு இருக்கிறது, உழைப்பவருக்கு இல்லை.

என்ன கேட்கலாம்?

இது விஞ்ஞானிகளும் கம்பனிகளும் மட்டும் பேசி முடிக்கும் விடயமல்ல. தொழிற்சங்கங்கள் மேசையில் வைக்கக்கூடிய கோரிக்கைகள் இதில் இருக்கின்றன.

முதலாவது, எச்சச் சோதனை முடிவுகள். ஒரு தோட்டத்தின் தேயிலையில் எந்த மருந்து எவ்வளவு கண்டறியப்பட்டது என்பது ஏற்றுமதியாளருக்கும் கொள்வனவாளருக்கும் தெரிகிறது. அதே தகவல் பிரட்டுக்களத்திலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். எந்த மலைக்கு எந்த மருந்து எப்போது அடிக்கப்பட்டது என்ற பதிவும் அதனருகே இருக்க வேண்டும்.

இரண்டாவது, மருந்தடிப்பவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீர், இரத்தப் பரிசோதனை. பரிசோதிக்கும் செலவைத் தோட்டக் கம்பனி ஏற்க வேண்டும், முடிவு தொழிலாளியின் கைக்குப் போக வேண்டும். தோட்டக் குடிநீர் ஊற்றுகளுக்கும் இதே ஏற்பாடு தேவை.

மூன்றாவது, அடுத்த சம்பளப் பேச்சில் புல்வெட்டைத் தனித் திறன் வேலையாக ஏற்றுக்கொள்வது. கெடுதியான களையை அடையாளம் கண்டு பிடுங்குவதற்குப் பயிற்சியும் அதற்கேற்ற கூலியும் வேண்டும். தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் தொடங்கி நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது. அதன் அறிவு துரைமாரின் மேசையோடு நிற்காமல், தமிழில், படத்தோடு, லயத்துக்கு வர வேண்டும்.

நான்காவது, கொள்கை முடிவுகள். ஒரு மருந்தைத் தடை செய்வதும் அனுமதிப்பதும் அரசாங்கத்தின் உரிமை. ஆனால் பீடைநாசினிப் பதிவாளர் அலுவலகமும் தேயிலைச் சபையும் அப்படியான முடிவுக்கு முன், மாற்று மருந்தின் வரம்பு ஒவ்வொரு சந்தையிலும் என்ன, மாற்று உழைப்பு எவ்வளவு என்ற இரண்டு கணக்கையும் வெளியிட வேண்டும். 2015இல் அந்தக் கணக்கு போடப்பட்டிருந்தால் 2018 வேறு விதமாக இருந்திருக்கும்.

தேயிலை இந்த நாட்டுக்கு 2024இல் 140 கோடி டொலருக்கு மேல் கொண்டுவந்தது. கருவிகள் இன்னும் கூர்மையாகும், வரம்புகள் இன்னும் கீழிறங்கும். இன்று கண்ணில் படாத பொருள் நாளை படும். அதைத் தாங்கி நிற்கக்கூடிய தேயிலை, மலையைத் தெரிந்த தொழிலாளி நின்று வேலை செய்யும் தோட்டத்திலிருந்துதான் வரும். அவரை நிற்க வைக்கும் செலவு ஒரு கொள்கலன் திரும்பி வரும் செலவைவிடக் கூடவா குறைவா என்று அடுத்த சம்பளப் பேச்சில் கம்பனிகளிடம் கேட்க வேண்டும்.